வெள்ளிக்கிழமை சாயங்காலம் முப்பத்தைந்து டிகிரி

அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று திவ்யா மூன்று முறை போன் செய்துவிட்டாள். நான் வேலை பார்த்த மருத்துவமனையின் நுண்ணுயிர் ஆய்வகத்தில் அவள் இப்போது சீனியர் டெக்னீஷியன். ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம், ஓய்வு பெற்றவர்களிடம் ஆளுக்கொரு கட்டுரை வாங்குகிறார்களாம். "பாசிடிவ்வா எழுதுங்கக்கா, படிக்கிறவங்களுக்கு உற்சாகமா இருக்கணும்" என்று வேறு சொன்னாள். எங்கள் தொழிலில் பாசிடிவ் என்றால் கிருமி வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பரவாயில்லை, அதையே எழுதுகிறேன்.

எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. மூன்றாவது போனில் அவள் சொன்ன ஒரு விஷயம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. "அக்கா, இப்போ புது கிட் வந்திருக்கு. மருந்துக்கு அடங்காத கிருமியோட என்சைமையே பிடிச்சுக் காட்டிடுது. பத்தே நிமிஷம். நீங்க எல்லாம் தட்டை வச்சுக்கிட்டு ஒரு நாள் பூரா காத்திருந்தீங்களே, பாவம்" என்றாள். ரொம்ப சந்தோஷம் என்றேன். பிறகு சும்மா இருக்காமல், "உங்க இன்குபேட்டர்ல இப்போ எத்தனை டிகிரி ஓடுது?" என்று கேட்டேன். கிருமித் தட்டுகளை ஒரே சூட்டில் வைத்திருக்கும் பெட்டி அது. "முப்பத்தஞ்சுதான் இருக்கும்க்கா" என்றாள்.

இருக்கும்! இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து போய்ப் பார்க்க எத்தனை அடி நடக்க வேண்டும்? ஆறு அடி. போனைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்கலாம். ஆனால் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

என் கதையை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன், அதில் ஒன்றும் விசேஷமில்லை. வீடு பருத்திப்பட்டு. அப்பா வயலில் கூலி வேலை செய்தவர், வயல்கள் மனைகளான பிறகு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனுக்குப் போனார். நான் லேப் டிப்ளமா இரண்டு வருடம் படித்தேன். எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். முதல் ஐந்து வருடம் குழாய் கழுவினேன், கிருமி வளர்க்கும் ஊடகம் காய்ச்சினேன், மற்றவர்கள் தட்டுகளுக்கு லேபிள் ஒட்டினேன். அப்புறம்தான் கிருமியைத் தொடவிட்டார்கள். அங்கேயே இருந்து அங்கேயே ஓய்வு பெற்றேன்.

கிருமியைத் தொடவிட்டது டாக்டர் பத்மினி. ஆய்வகத்தின் தலைமை மருத்துவர். எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். குள்ளமான உருவம், மூக்கின் நுனியில் கண்ணாடி, பையில் எப்போதும் ஒரு சிறிய இரும்பு ஸ்கேல். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. எந்த முடிவைக் கொண்டுபோய் நீட்டினாலும் மூன்று கேள்வி கேட்பார். யார் பார்த்தது, எப்போது பார்த்தது, எதை வைத்துப் பார்த்தது. மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் காகிதத்தைத் திருப்பி என் பக்கமே தள்ளிவிட்டு, "மறுபடி" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே எத்தனையோ நாள் மனதுக்குள் அவரைத் திட்டியிருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. நல்ல மனநிலையில் இருந்தால் என்னை "நீ, வா, போ" என்பார். கோபம் வந்தால் "நீங்க, வாங்க, போங்க" ஆகிவிடும். மேடம் மரியாதை கொடுக்கத் தொடங்கினால், செய்ததையெல்லாம் மறுபடி சரிபார்க்க ஓடுவோம்.

இனி அந்த என்சைம் சமாசாரம். இதை டிப்ளமா வகுப்பில் எனக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை, எனக்கு இன்றைக்கும் அந்த ஆதங்கம் உண்டு. மேடம்தான் ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தைக் காட்டிச் சொன்னார். கிருமியைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. செங்கல் சுவர் அல்ல, சவுக்குக் கட்டையில் கட்டிய சாரம் மாதிரி. நீளக் கட்டைகளும் குறுக்குக் கட்டைகளும் சேரும் இடத்தில் ஒருவன் கயிறு போட்டு முடிச்சு இறுக்கிக்கொண்டே இருக்கிறான். அந்த முடிச்சுக்காரன்தான் என்சைம். பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் கயிறு மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு அவன் கைக்குள் போய் ஒட்டிக்கொள்கின்றன. கை மாட்டிக்கொண்டால் முடிச்சு விழாது, முடிச்சு இல்லையென்றால் சாரம் சரியும், கிருமி வெடித்துச் சாகும். இவ்வளவுதான் விஷயம்.

ஆனால் சில கிருமிகள் இன்னொரு முடிச்சுக்காரனை மறைத்து வைத்திருக்கின்றன. அவன் கையில் இந்த வேஷக் கயிறு ஒட்டாது. முதல் ஆள் மாட்டிக்கொண்டாலும் இவன் நிதானமாகச் சாரத்தைக் கட்டி முடித்துவிடுவான். மருந்து பாட்டில் பாட்டிலாக ஏறிக்கொண்டிருக்கும், கிருமி பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். அந்த இரண்டாவது ஆள் இருக்கிறானா இல்லையா என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. அவனிடம் ஒரு கெட்ட குணம், அல்லது எங்களுக்குக் கெட்ட குணம். சூடு ஏறினால் ஒழுங்காக வேலைக்கு வரமாட்டான். முப்பத்தைந்து டிகிரிக்கு மேலே போனால் தட்டில் தலைகாட்ட மாட்டான். அவன் இல்லவே இல்லை என்று நாம் ஏமாந்துவிடுவோம்.

உடம்புச் சூடே முப்பத்தேழு ஆயிற்றே, அங்கே மட்டும் எப்படி வருகிறான் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தட்டில் அவனுக்கு ஒரு நாள்தான் அவகாசம், காயத்தில் வாரக்கணக்கில் இருக்கிறது, கோடியில் நாலு கிருமி தப்பினாலும் அங்கே போதும் என்றார் மேடம்.

சோதனை செய்யும் முறை இது. தட்டில் வளர்ந்த கிருமிப் பொட்டுகளில் நாலைந்தை வளையக் கம்பியால் தொட்டு உப்பு நீரில் கலக்க வேண்டும். அந்தக் கலங்கல் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரிக் குழாய் உண்டு. இரண்டையும் கறுப்புக் கோடு போட்ட அட்டைக்கு முன்னால் பிடித்து, கோடு இரண்டிலும் ஒரே மாதிரி மங்கித் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சுக் குச்சியை நனைத்து, குழாயின் சுவரில் பிழிந்து, புதுத் தட்டில் மூன்று திசையிலும் இடைவெளி இல்லாமல் இழுக்க வேண்டும். அதன்மேல் மருந்து வில்லைகளை இடுக்கியால் வைத்து மெல்ல அழுத்திவிட்டு, தட்டைக் கவிழ்த்து இன்குபேட்டரில் வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது ஆக்ஸாசிலின் வில்லை. முப்பத்தைந்து டிகிரியில் இருபத்திநாலு மணி நேரம். பிறகு எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், வில்லையைச் சுற்றி வட்டம் பளிச்சென்று இருந்தால் மருந்து வேலை செய்கிறது. வட்டத்துக்குள் மூடுபனி மாதிரி மெல்லிசாக வளர்ச்சி இருந்தால் இரண்டாவது முடிச்சுக்காரன் இருக்கிறான்.

இதில் ஒவ்வொரு படியையும் நான் பிசகாமல் செய்தேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஏழுமலை என்று ஒருவர். எஸ்டேட்டில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுகிறவர், வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வந்து போகிறவர், முப்பத்தைந்து வயது இருக்கும். கம்பெனியில் கனமான இரும்பு அச்சு ஒன்று செயின் கொக்கியிலிருந்து நழுவி அவருடைய வலது பாதத்தில் விழுந்துவிட்டது. எலும்பை ஒட்டவைத்துக் கம்பி போட்டார்கள். ஒரு வாரத்தில் காயத்தில் சீழ் கட்டிக்கொண்டது. அந்தச் சீழ் என்னிடம் வந்தது. சித்திரை மாதம்.

அப்போது எங்கள் ஆய்வகத்து ஏசி செத்துப் பதினோரு நாள். ஆய்வகம் மொட்டை மாடிக்குக் கீழே மேல்தளத்தில் இருந்தது. மதியத்தில் மேசையைத் தொட்டால் கை சுடும். மெயின்டனன்ஸ் குமார் என்று ஒருவர் உண்டு, அவரிடம் தினமும் இரண்டு வேளை சண்டை.

"இன்னாக்கா, நான் என்னா ஏசிய என் ஊட்டுக்கா தூக்கினு போய்ட்டேன்? கம்ப்ரசர் வரணும்க்கா. நாளிக்கி வந்துரும்."

"இதையேதானே பதினோரு நாளா சொல்றீங்க அண்ணாத்தே?"

"தோ பாரு, நேத்து சொன்ன நாளிக்கி வேற, இன்னிக்கி சொல்ற நாளிக்கி வேற."

இந்த மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டு குப்பை கொட்ட வேண்டியிருந்தது. ஆனால் கவனியுங்கள். நான் சண்டை போட்டதெல்லாம் எனக்கு வேர்க்கிறது என்பதற்காகத்தான். என் பக்கத்தில் இருந்த இன்குபேட்டருக்கும் வேர்க்குமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது பழைய மாடல். அதற்குச் சூடாக்கத் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. அறையே முப்பத்தெட்டில் கொதித்தால் அதற்குள்ளே முப்பத்தைந்து எங்கிருந்து வரும்? அதன் தலையில் ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் செருகியிருந்தது. அதைக் காலையும் மாலையும் பார்த்து, கதவில் மாட்டியிருந்த வாரச் சார்ட்டில் எழுத வேண்டும். அந்த வேலை என்னுடையது.

நான் பார்க்கவில்லை. பார்க்காமலே எழுதினேன். நான் மட்டுமல்ல, எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். திங்கட்கிழமை காலையில் புதுச் சார்ட் மாட்டும்போதே ஒரே மூச்சில் சனிக்கிழமை வரைக்கும் 35, 35, 35 என்று நிரப்பிவிடுவோம். ஃபிரிட்ஜ் சார்ட்டும் அப்படித்தான். வருடம் முழுக்க அது முப்பத்தைந்தில்தான் இருந்தது, பின்னே எதற்குத் தினமும் போய் எட்டிப் பார்க்க வேண்டும்? ஆய்வுக் குழுவினர் வந்தால் சார்ட்டைப் பார்ப்பார்கள், ஒரு கட்டமும் காலியாக இல்லாததைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு அழகான கையெழுத்து வேறு.

ஏழுமலையின் தட்டில் ஆக்ஸாசிலின் வட்டம் பளிச்சென்று இருந்தது. மருந்து வேலை செய்யும் என்று எழுதினேன். மேடம் மூன்று கேள்வி கேட்டார், மூன்றுக்கும் பதில் சொன்னேன், கையெழுத்துப் போட்டார். அந்தக் குடும்பத்து மருந்தையே சர்ஜன் டாக்டர் சேகர் ஊசியில் ஏற்ற ஆரம்பித்தார்.

ஐந்து நாள் ஆயிற்று. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்தின் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் அடையாள அட்டை, கையில் பிளாஸ்டிக் கூடை. ஏழுமலையின் மனைவி தேவி. குமணன்சாவடிப் பக்கம் ஒரு குடோனில் பேக்கிங் வேலை செய்கிறவள், வேலைக்குப் போகாமல் கணவனோடு இருந்தாள்.

"யக்கா, நீங்கதான சீழ் டெஸ்ட்டு பண்றது?"

"ஆமாம்மா, என்ன?"

"இன்னா கிருமிக்கா அது? அஞ்சு நாளா மருந்து ஏறினே கீது, அடங்கவே மாட்டேங்குது. நாளிக்கி காலைல பத்து மணிக்கு கால எடுத்துர்றேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. முட்டிக்கு கீய." அவள் அழவில்லை. கூடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "பிரஸ்ஸு கால்லதான்க்கா மெறிப்பாரு. காலு போச்சுன்னா அவுர யாரு வேலைக்கு வெச்சிப்பாங்க? இன்னொரு வாட்டி டெஸ்ட்டு பண்ணி பாருக்கா. வேற எதுனா மருந்து எயுதி குடுக்க சொல்லு."

மருந்து எழுதுவது எங்கள் வேலை இல்லை, டாக்டரிடம் கேள் என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன். எரிச்சலாகவும் இருந்தது. காலையிலேயே இருபது சாம்பிள் வந்து கிடந்தது, அறை வேறு கொதித்தது. ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்த மேடம் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டார். அதே நேரத்தில் போனும் அடித்தது. டாக்டர் சேகர்.

"உங்க ரிப்போர்ட்டை நம்பித்தான் மேடம் அஞ்சு நாளா மருந்து போட்டேன்" என்றார். அவருடைய குரல் எனக்கே கேட்டது. "கிருமி மருந்துக்குக் கட்டுப்படும்னு நீங்க சொல்றீங்க. கால் என்னடான்னா மேல மேல வீங்குது. அப்போ ரத்த ஓட்டமே போச்சுன்னுதானே நான் முடிவு பண்ணணும்? இனிமேலும் காத்திருந்தா உயிருக்கே ஆபத்து."

மேடம் போனை வைத்துவிட்டு எழுந்தார். முந்தைய தட்டை எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார், ஸ்கேலை வைத்து வட்டத்தை அளந்தார். நான் எழுதியிருந்தது சரியாகத்தான் இருந்தது. பிறகு மெதுவாக நடந்து போய் இன்குபேட்டரின் கதவில் உள்ளங்கையை வைத்தார். தலையிலிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கடைசியாகச் சார்ட்டைப் பார்த்தார்.

"இன்னைக்கு என்ன கிழமைங்க விஜயா?"

"வியாழன் மேடம்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் முப்பத்தஞ்சு டிகிரி இருந்துச்சுங்களா?"

நான் ஆடிப்போய்விட்டேன். தெர்மாமீட்டரில் முப்பத்தொன்பது காட்டியது. போன வாரத்துச் சார்ட்டைக் கேட்டார். அதையும் எடுத்துக் கொடுத்தேன், அதிலும் வரிசையாக 35. ஏழுமலையின் தட்டு உள்ளே இருந்த நாளிலும் 35. மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அறைந்திருந்தால்கூடத் தேவலை. அவர் ஒன்றும் செய்யவில்லை. "சரிங்க, வாங்க, மறுபடி போடலாம்" என்றார்.

போடுவதென்றால் எங்கே போடுவது? மருத்துவமனை முழுக்க எது குளிர்ந்த அறை என்று யோசித்தோம். ஆபரேஷன் தியேட்டரிலும் ரத்த வங்கியிலும் கிருமியைக் கொண்டுபோய் வைக்க முடியாது. மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர் சர்வர் வைத்திருந்த அறை. அதற்கு இரண்டு ஏசி, ஒன்று நின்றால் இன்னொன்று ஓடும், கரண்ட் போனால் ஜெனரேட்டர். கம்ப்யூட்டருக்கு வேர்க்கக் கூடாதாம்! நோயாளியின் உயிரைச் சொல்லும் தட்டு மட்டும் வெந்து சாகலாம். இந்த மருத்துவமனையில் யாருக்கு மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் புரியவே இல்லை.

எங்களிடம் இருந்த இன்னொரு சிறிய இன்குபேட்டரைக் குமாரும் நானும் இரண்டு மாடி இறக்கினோம். அந்த அறையைப் பார்த்துக்கொண்ட பையன் வாசலில் குறுக்கே நின்றான்.

"யக்கா, பேஷண்ட்டு சீழ எல்லாம் எட்த்துனு வந்து என் ரூம்ல வெச்சா நான் எங்க போய் குந்தறது?"

"ஒரு நாள் வெளில குந்துபா, செத்தா பூட மாட்ட" என்றார் குமார். அவர் எனக்கு ஆதரவாகப் பேசியது அந்த ஒரு முறைதான்.

தெர்மாமீட்டர் முப்பத்தைந்துக்கு வந்து நிலைக்கும் வரை நான் அதன் முன்னாலேயே நின்றேன். ஃபிரிட்ஜில் பாதுகாத்திருந்த அதே கிருமியை மேடமே எடுத்து, கலக்கி, தட்டில் இழுத்து, வில்லை வைத்தார். தட்டுகளைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டி உள்ளே வைக்கும்போது நண்பகல் பன்னிரண்டு. இருபத்திநாலு மணி நேரம் என்றால் மறுநாள் பன்னிரண்டு. கால் எடுப்பது பத்துக்கு.

மேடம் டாக்டர் சேகருக்குப் போன் செய்தார். எங்கள் பரிசோதனை தவறாக இருக்கலாம், மதியம் வரை தள்ளிப் போடுங்கள் என்றார். எதனால் தவறு என்று அவர் கேட்டார் போலிருக்கிறது. "சூடு. நாங்க கவனிக்கல. கையெழுத்துப் போட்டது நான்" என்றார் மேடம். என் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் டாக்டர் கத்தியது எனக்குக் கேட்டது. லேப்புக்காக ஒரு மனுஷனைச் சாகவிட முடியாது, பத்து மணி என்றால் பத்து மணிதான், அதற்குள் சொல்வதைச் சொல்லுங்கள் என்றார். அவர்மேல் தப்பில்லை.

அன்று சாயங்காலம் வரை மணிக்கு ஒரு முறை அந்தத் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதினேன். எந்த மணியிலும் சரியாக முப்பத்தைந்து இல்லை. முப்பத்தைந்தே கால், முப்பத்துநாலு முக்கால், முப்பத்துநாலரை என்று மாறிக்கொண்டே இருந்தது. ஆண்டுக்கணக்காக நான் எழுதிய அத்தனை முப்பத்தைந்துகளும் நினைவுக்கு வந்தன. அசிங்கமாக இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேடம் தட்டை வெளியே எடுத்தார். இருபது மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"மேடம், இன்னும் நாலு மணி நேரம் இருக்கே" என்றேன்.

"அவன் இல்லைன்னு சொல்லத்தான் விஜயா முழு இருபத்திநாலு வேணும். இருந்தா இப்பவே தெரிஞ்சுடும்."

நடைக்கூடத்து ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை, வட்டம் வட்டமாகத்தான் தெரிந்தது. கொஞ்சம் சாய்த்தார். வட்டத்துக்குள் கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி ஒரு மங்கல், அதற்குள் ஊசி முனை அளவில் பொட்டுகள், வில்லையின் ஓரம் வரைக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. கிருமி மருந்துக்கு அடங்காததைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுத லேப் டெக்னீஷியன் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மேடம் ரிப்போர்ட்டைத் தன் கையாலேயே எழுதினார். முன்பு கொடுத்த முடிவு தவறு, ஆய்வகத்தின் தவறு என்று முதல் வரியிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, என்னிடம் கொடுத்தார். மாடிப்படியில் நான் அன்று ஓடியதுபோல் என் கல்யாணத்துக்கு முன்னால்கூட ஓடியதில்லை.

டாக்டர் சேகர் தியேட்டர் வாசலிலேயே நின்று படித்தார். என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஸ்ட்ரெச்சரைத் திருப்பி வார்டுக்குக் கொண்டு போங்க" என்று சிஸ்டரிடம் சொன்னார். சுவர் கட்டுவதை வேறு இடத்தில் தடுக்கும் வேறு மருந்து ஒன்று உண்டு, அதை உடனே ஆரம்பித்தார். காயத்தைத் திறந்து சுத்தம் செய்தார். மூன்று நாள் பார்ப்பேன், அதற்கு மேல் முடியாது என்றார். ஏழுமலையின் காலில் சிவப்பு ஏறியிருந்த எல்லையில் சிஸ்டர் பேனாவால் ஒரு கோடு போட்டார். நான் மதியம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை போய் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் சிவப்பு கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது.

பாதம் தப்பியது. சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும் போயின. அவை முதலிலேயே சரியான மருந்து போட்டிருந்தால் தப்பியிருக்குமா என்று டாக்டர் சேகரிடம் கேட்டேன். "தெரியல" என்றார்.

மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. நிர்வாகத்துக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தார். சார்ட்டைப் பற்றியும் எழுதினார். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "அவங்ககிட்ட சொல்லணும். நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?" காயம் ஆறட்டும் மேடம் என்றேன். மறு வாரம் கேட்டார், இன்னும் வலி இருக்கிறதாம் மேடம் என்றேன். மூன்றாவது வாரம் அவர் கேட்கவில்லை. "நாளைக்கு அவரு வீட்டுக்குப் போறாருங்க விஜயா" என்று மட்டும் சொன்னார்.

போனேன். ஏழுமலை கட்டிலின் ஓரத்தில் கட்டுப் போட்ட காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். தேவி சாமான்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாக்கா, குந்து" என்று ஸ்டூலைத் தள்ளினாள். எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. நின்றுகொண்டே சொன்னேன். முதல் டெஸ்ட் தப்பாக வந்ததற்கு நான்தான் காரணம், சூட்டைப் பார்க்காமலே ஒரு வாரத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன், அதனால்தான் ஐந்து நாள் வேலை செய்யாத மருந்து போனது, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

தேவிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அய்யே, இன்னாக்கா சொல்ற? பாக்காமயே எயுதுவியா? அறிவு கீதா உனுக்கு? படிச்சவதான நீ? ஒரு காலு அநியாயமா பூட்டு இருக்குமே! உன் ஊட்டுக்காரு காலா இருந்தா இப்டி எயுதுவியா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

"வுடு தேவி" என்றார் ஏழுமலை.

"இன்னாத்துக்கு வுடணும்? நீ சும்மாரு. வலிச்சிகினு கெடந்தது நீயா அவளா?"

"வுடுன்றேன்ல." அவர் என்னைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எங்க கம்பெனிலயும் ஒரு சீட்டு கீதுக்கா. செயினு, கொக்கி, கொக்கிக்கு பூட்டு, எல்லாம் நல்லா கீதான்னு டெய்லி காலைல பாத்து டிக்கு அடிக்கணும். நான்தான் அடிப்பேன். திங்கக்கெயம வந்ததும் சனிக்கெயம வரிக்கும் அட்ச்சுட்டு வேலைய பாக்க பூடுவேன். அந்தப் பூட்டு எப்ப ஒடஞ்சுதுன்னே எனுக்கு தெர்யாது. வியாயக்கெயம அச்சு கால்ல உய்ந்துது. சீட்டுல சனிக்கெயம வரிக்கும் நல்லா கீதுன்னு போட்டுகீது. என் கையெயுத்துதான்."

தேவி இதை அன்றுதான் கேட்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஒரு மாதமாகக் கம்பெனி வாசலில் போய் நின்று அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் அவள். கையிலிருந்த டம்ளரைக் கூடைக்குள் வைத்தாள். அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இப்போது அவள் குரலில் கோபமே இல்லை.

"நாளிக்கி இன்னா ஆவும்னு நீங்க ரெண்டு பேரும் திங்கக்கெயமயே எயுதி வெச்சிட்டீங்க. நான் ஒருத்திதான் தெர்யாம, நாளிக்கி இன்னா ஆவுமோ, நாளிக்கி இன்னா ஆவுமோன்னு ஒரு மாசமா அயுதுகினு கெடந்தேன்."

அவள் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எய்ந்திரு, ரயிலு பூடும்" என்று அவருடைய கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.